வெங்காயச் சருகு கலர்

2003-க்கும் 2006-க்கும் இடையில் பெரம்பலூர்ப் பக்கம் கல்யாணம் செய்துகொண்ட எந்தப் பெண்ணும், முகூர்த்தத்துக்குத் தான் என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தோம் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆல்பத்தில் மயில்கழுத்து நிறம் இருக்கும். பீரோவைத் திறந்தால் அரக்கு நிறம் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள் இருந்தார். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில், கம்ப்யூட்டருக்கு முன்னால், முதுகை வளைத்து உட்கார்ந்திருப்பார்.

பெயர் கலர்மாத்தி. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று ஸ்டுடியோ முதலாளிக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அவருக்கு வந்த தபாலே "கலர்மாத்தி, மாடி" என்றுதான் வரும். தபால்காரரும் தயங்காமல் படியேறுவார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர் மேல் பொறாமை. நான் கணக்கு வாத்தியார், ஆகவே அளவோடு ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கட்டுரையில் அவரைப் பற்றி நான் சொல்லும் குறைகளில் நூற்றுக்கு எண்பது என் வயிற்றெரிச்சல். மீதி இருபதை நீங்கள் நம்பலாம்.

அந்த மாடி அறைக்குள் போக ஒரு சட்டம் இருந்தது. பளிச்சென்று சட்டை போட்டவர்கள் வாசலோடு நிற்க வேண்டும். சட்டையின் நிறம் திரையில் பட்டு அவர் கண்ணை ஏமாற்றிவிடுமாம். சுவருக்குச் சாம்பல் நிறப் பெயின்ட். சன்னலுக்குச் சாம்பல் நிறத் துணி. அவரிடம் ஏழு சட்டை, ஏழும் சாம்பல். "அரியலூர்க்காரன்ல, சிமென்ட் தூசில நின்னு நின்னு அப்படியே ஊறிப்போயிட்டான்" என்று கீழே டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். ஒரு மாப்பிள்ளை மஞ்சள் சட்டையில் ஆல்பம் பார்க்க வந்தபோது, "சட்டையைக் கழட்டி வச்சுட்டு உள்ள வாங்க" என்றார். மாப்பிள்ளை பனியனோடு உட்கார்ந்து தன் கல்யாணத்தைப் பார்த்தார். கூட வந்த மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வரும்போதே பனியனோடுதான் வந்திருந்தார்.

நான் முதல் தடவை போனபோது வெள்ளைச் சட்டை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"சார், பாக்கெட்ல என்ன?"

"பேனா."

"செவப்பா?"

"ஆமா. பேப்பர் திருத்தறது."

"வெளிய வச்சுட்டு வந்துடுங்க சார். ஸ்கிரீன்ல அடிக்குது."

இருபது வருஷ சர்வீஸில் அந்தப் பேனாவைக் கண்டு நடுங்கிய பிள்ளைகள் உண்டு. அதைச் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றி வைக்கச் சொன்னவர் இவர் ஒருவர்தான். அன்றே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

சிவப்பு, பச்சை, நீலம் என்று நாம் சொல்வதெல்லாம் அவருக்குக் கணக்கே இல்லை. "செவப்புன்னா எந்தச் செவப்பு? நம்ம ஊர்ல அம்பது செவப்பு இருக்கு" என்பார். அவரிடம் ஒரு பழைய நோட்டு இருந்தது. அதில் குன்னம் பருத்தி என்று ஒரு வெள்ளை. சோளத்தட்டை என்று ஒரு மஞ்சள். மழைக்கு மறுநாள் கரிசல் என்று ஒரு கறுப்பு. சின்ன வெங்காயத்தை உரித்தால் விரலில் ஒட்டுமே ஒரு மெல்லிய தோல், ரோஸும் இல்லாமல் செம்பும் இல்லாமல், அதற்கு வெங்காயச் சருகு என்று பெயர். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் மூன்று எண்கள் எழுதியிருப்பார். அந்த மூன்றையும் கம்ப்யூட்டரில் அடித்தால் அதே நிறம் திரையில் வந்து நிற்கும். எண்களை வைத்துப் பிழைக்கிறவன் நான். எண்களை வைத்து வித்தை காட்டுகிறவர் அவர். எரியாதா?

மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார். ஒரு கிராம நிர்வாக அலுவலர் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்தார். கலர்மாத்தி திரையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், மூஞ்சில மஞ்சள் ஏறியிருக்கு. நான் ஏத்தல. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுங்க" என்றார். போய்ப் பார்த்தால் மஞ்சள் காமாலை. அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்த அன்று என் மனைவி, "பாத்தீங்களா, கண்ணுன்னா அது கண்ணு" என்றாள். என் கண்ணைப் பற்றி அவள் அப்படி எப்போதும் சொன்னதில்லை. எனக்கு மூக்குக் கண்ணாடி.

அவர் கம்ப்யூட்டரில் எல்லாப் படங்களும் இரண்டே ஃபோல்டரில் இருக்கும். ஒன்றின் பெயர் "நெசம்". இன்னொன்று "ஆசை". எடுத்த படம் எடுத்தபடி நெசத்தில் இருக்கும். வாடிக்கையாளர் கேட்டபடி நிறம் மாற்றியது ஆசையில் இருக்கும். நெசத்தை அவர் அழிக்கவே மாட்டார். முதலாளி இடமில்லை என்று கத்தினால், "ஆசையை வேணா அழிச்சுக்குங்க மொதலாளி, அது திரும்ப வந்துடும்" என்பார்.

இந்த இரண்டு ஃபோல்டரின் அருமை எனக்கு ஒரு வளைகாப்புக் கலவரத்தில்தான் தெரிந்தது. பெண் வீடு குன்னம் பக்கம், மாப்பிள்ளை வீடு செந்துறைப் பக்கம். கல்யாணம் முடிந்ததும் பெண்ணின் அம்மா தனியாகக் கலர்மாத்தியிடம் வந்து, தாலி கட்டும்போது பெண் தாங்கள் எடுத்த கத்தரிப்பூ நிறப் புடவையில் இருக்க வேண்டும் என்றார். மாற்றிக் கொடுத்தார். மறுவாரம் மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்து, தாங்கள் எடுத்த கிளிப்பச்சையில் இருக்க வேண்டும் என்றார். அதையும் மாற்றிக் கொடுத்தார். ஒரே கல்யாணம், இரண்டு ஆல்பம், இரண்டு புடவை. ஒரு வருஷம் கழித்து வளைகாப்பில் இரண்டு ஆல்பமும் ஒரே பாயில் சந்தித்துவிட்டன.

இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு ஆல்பத்தோடு மாடியேறி வந்தபோது நான் அங்கே இருந்தேன். பேனா வெளியே இருந்தது.

"ஏந்தம்பி, எம் மருமவ எங்க பொடவையக் கட்டினாளா இல்லியா?"

"கட்டினாங்கம்மா."

"அப்ப இந்தம்மா ஆல்பத்துல?"

"அதுலயும் கட்டினாங்க."

"வெளயாடறியா? நான் முன்னாடி நின்னு என் ரெண்டு கண்ணால பாத்தேன், கத்தரிப்பூ" என்றார் பெண்ணின் அம்மா.

"நான் மட்டும் மூணு கண்ணாலயா பாத்தேன்? கிளிப்பச்சை."

கலர்மாத்தி நெசத்தைத் திறந்தார். பெண் கடுகு மஞ்சளில் ஒரு புடவை கட்டியிருந்தாள். அவளும் மாப்பிள்ளையும் திருச்சிக்குப் போய் அவர்களாகவே எடுத்ததாம். இரண்டு அம்மாக்களும் திரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரு எடுத்ததையும் கட்டலயா இவ?" என்றார் ஒருவர்.

"வாங்க சம்பந்தி, போய்க் கேப்போம்" என்றார் மற்றவர்.

கைகோத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். அன்றிலிருந்து அந்தச் சம்பந்திகளுக்குள் சண்டையே இல்லை என்று கேள்வி. பாடு மருமகளுக்குத்தான்.

"ரெண்டு பேரும் மணவறைக்கு முன்னாடியேதானே நின்னுருப்பாங்க? எப்படி மறந்தாங்க?" என்று கேட்டேன்.

"தெனம் ஆல்பத்தப் பாத்தா கண்ணு பாத்தது போயிடும் சார். ஆல்பம் பாத்ததுதான் நிக்கும்" என்றார்.

நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். படிக்காத அம்மாக்கள், பாவம் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது.

இவ்வளவு பேரும் புகழும் ஒரு ஆளுக்குப் போவதை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? திருச்சியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தேன். அதே மென்பொருளை ஒரு பழைய மாணவன் போட்டுக் கொடுத்தான். முதல் வேலையாக எங்கள் கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்து, என் மனைவியின் சிவப்புப் புடவையைப் பச்சையாக்க உட்கார்ந்தேன். வேலை சுலபம்தான். சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒரு குறி வரும், அதால் புடவையைத் தொட வேண்டும். பிறகு ஒரு கோட்டில் ஒரு முக்கோணத்தை நகர்த்த வேண்டும். பிறகு புது நிறத்தைக் கொடுத்தால் முடிந்தது. நான் முக்கோணத்தைக் கடைசி வரைக்கும் நகர்த்தினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

புடவை பச்சையானது. கூடவே என் மனைவியின் குங்குமம் பச்சையானது. உதடு பச்சையானது. மாலையில் இருந்த ரோஜா எல்லாம் கொத்தமல்லிக் கட்டாயின. பின்னால் நின்று வெற்றிலை போட்டுச் சிரித்த என் பெரியப்பாவின் வாய் முழுக்கப் பச்சை.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, உங்க பெரியப்பா ஏன் கொளத்துப் பாசியத் தின்னுட்டு நிக்கறாரு?"

படத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு, மனைவிக்குத் தெரியாமல் மாடிக்குப் போனேன். கலர்மாத்தி அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

"அந்த முக்கோணம் இருக்குல்ல சார், அது கலருக்குச் சொந்தக்காரங்களக் கூப்புடற கோடு. கொஞ்சம் நவுத்துனா கூடப் பொறந்தவங்க மட்டும் வருவாங்க. இன்னும் நவுத்துனா சித்தப்பா, பெரியப்பா. முழுசாத் தள்ளிட்டா ஊரே பந்தியில ஒக்காந்துடும். நீங்க ஊரக் கூப்புட்டுட்டீங்க."

"அப்ப என்ன செய்யணும்?"

"மொதல்ல குங்குமத்தப் பூட்டணும். அப்பறம் ஒதடு. அதெல்லாம் பத்திரமா பூட்டிட்டுத்தான் பொடவைக்கு வரணும்."

பூட்டுவது எப்படி என்று நான் கேட்கவில்லை. கௌரவம் தடுத்தது. அதற்குப் பதிலாக வேறு ஒரு தொழிலை ஆரம்பித்தேன். ஊரில் அவர் செய்த படம் எங்கே தொங்கினாலும், எந்த பேனர் எங்கே கட்டியிருந்தாலும், நின்று தப்புத் தேடுவது. பழைய நிறம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா, காதோரத்தில், வளையல் இடுக்கில், எங்காவது. இருபது வருஷம் விடைத்தாள் திருத்திய கண். ஒரு நாளும் அகப்படவில்லை.

இனி பாப்பாவுக்கு வருகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமே என்று ஜாதகப்படி ஒரு நீளமான பெயர் வைத்தோம். வீட்டில் ஒருவரும் அதைக் கூப்பிட்டதில்லை. பாப்பா என்றால்தான் திரும்புவாள். நாற்பதைத் தாண்டியபின் தகப்பனானவனுக்கு எல்லாம் பயம். சளி பிடித்தால் பயம், சளி விட்டால் ஏன் விட்டது என்று பயம். எந்த ரோட்டில் போனாலும் அவள் கையை நான்தான் பிடிப்பேன். மனைவியிடம்கூடக் கொடுக்க மாட்டேன்.

நாலாவது பிறந்தநாளுக்கு நீல கவுன் வேண்டும் என்றாள். பெரம்பலூரில் எட்டுக் கடை ஏறி இறங்கினேன். அவள் அளவுக்கு நீலம் இல்லை. வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக, கிடைத்த நிறத்தில் வாங்கி வந்தேன். போட்டுக்கொண்டு அழுதாள். அழுத முகத்தோடு ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போனோம்.

"பாப்பாவுக்கு என்ன கலர் வேணும்?" என்றார் கலர்மாத்தி.

"நீலம்."

"எந்த நீலம்? மழ வர்ற நீலமா, மழ விட்ட நீலமா?"

பாப்பா யோசித்தாள். "மழ விட்டது."

மடியில் உட்காரவைத்து, அவள் விரலாலேயே சுட்டியை அழுத்த வைத்தார். கவுன் நீலமானது. பாப்பா திரும்பி அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். எட்டுக் கடை ஏறியவன் நான். வெயிலில் அலைந்தவன் நான். அவர் ஒரு விரலை அசைத்தார், கலர் மாமா ஆகிவிட்டார். அன்று முதல் சாப்பாடு ஊட்டினால், "கலர் மாமாவா இருந்தா கத சொல்லும்" என்பாள். தலை சீவினால், "கலர் மாமாகிட்டக் காட்டணும்" என்பாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி டிவிக்கு மேலே மாட்டினோம். சின்னதாக ஒன்று என் பர்ஸில். எட்டு மாதம் காலையும் மாலையும் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைத்துனர் பிள்ளைக்குச் செந்துறையில் காதுகுத்து. அரியலூரில் இறங்கி பஸ் மாற வேண்டும். முகூர்த்த நாள். பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. என் இடது கையில் பை. வலது கையில் பாப்பா. மனைவி இரண்டடி முன்னால், செந்துறை பஸ்ஸின் போர்டைத் தேடிக்கொண்டு போனாள்.

சுற்றுச்சுவரில் ஒரு கல்யாண பேனர். கீழ் மூலையில் நம் ஸ்டுடியோவின் பெயர். நின்றேன். கால் தானாக நின்றது. மணப்பெண் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தாள். மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன். முழங்கை மடிப்பில், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, பழைய சிவப்பு.

அகப்பட்டது. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அகப்பட்டது.

"இங்க பாரு, இங்க பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டுக் கையை நீட்டிக் காட்டினேன். "உங்க ஆளு லட்சணம் தெரியுதா?"

நீட்டிக் காட்ட ஒரு கை வேண்டும். நான் நீட்டியது வலது கை.

கையைக் கீழே கொண்டுவந்தபோது அங்கே பாப்பா இல்லை.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்ல இன்றும் வரவில்லை. மனைவி ஜெயங்கொண்டம் பஸ்கள் நிற்கும் பக்கம் ஓடினாள். நான் டைம் கீப்பர் அறைக்கு ஓடினேன். பர்ஸில் இருந்த படத்தை அவர் மேசையில் வைத்தேன். பெயர் கேட்டார், ஜாதகப் பெயரைச் சொன்னேன். என்ன உடை என்று கேட்டார். "இதே கவுன்தாங்க. இன்னிக்கும் இதைத்தான் போட்டிருக்கா" என்றேன். பொய் இல்லை. அதே கவுன்தான். அவர் படத்தைப் பார்த்து மைக்கில் சொன்னார்: "நீல நிற கவுன் அணிந்த நாலு வயதுப் பெண் குழந்தை."

பஸ் ஸ்டாண்டு முழுக்க நீலத்தைத் தேடியது. நல்ல ஜனங்கள். கண்டக்டர்கள் இறங்கித் தேடினார்கள். நீலச் சட்டை போட்ட பையன்கள் இரண்டு பேரைப் பிடித்து வந்தார்கள். நீலத் துண்டு போர்த்திய ஒரு கைக்குழந்தையைக்கூட ஒருவர் தூக்கிவந்து காட்டினார், பின்னாலேயே அதன் தாய் ஓடி வந்தாள். நானும் படத்தை ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் நீட்டிக்கொண்டு, "நீல கவுனுங்க, நீல கவுனு" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். ஒவ்வொரு பஸ் கிளம்பும்போதும் அதற்குள் அவள் இருப்பதாகத் தோன்றியது.

பதினாறாவது நிமிஷம், ஒரு பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போன் கண்ணில் பட்டது. இன்னும் நிறையப் படம் வேண்டும், பெரிய படம் வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. ஸ்டுடியோ நம்பர் எனக்கு மனப்பாடம். வயிற்றெரிச்சலில் மனப்பாடம் ஆனது. மாடியில் அவர்தான் எடுத்தார்.

"கலர், பாப்பாவக் காணோம். அரியலூர் பஸ் ஸ்டாண்டு. அந்த போட்டோவ இருபது காப்பி..."

"சார், நில்லுங்க. பாப்பா என்ன போட்டிருக்கு?"

"அந்தப் பொறந்தநாள் கவுன்தான்."

"மைக்ல என்ன கலர் சொன்னீங்க?"

"நீலம்."

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது.

"சார், அது நீலம் இல்ல. நீலம் நான் மாத்துனது. வெங்காயச் சருகு. போய் மாத்திச் சொல்லுங்க. போன வைங்க சார்."

ரிசீவரை அப்படியே தொங்கவிட்டேன். ஓடினேன். கவுனை வாங்கியவன் நான். காலையில் அதன் முதுகுப் பொத்தானைப் போட்டுவிட்டவன் நான். ஆனால் அந்தப் பதினாறு நிமிஷமும் என் கண்ணுக்குள் நின்றது டிவிக்கு மேலே இருந்த நீலம்.

"சார், கலர் தப்பு. வெங்காயச் சருகு கலர்" என்றேன் டைம் கீப்பரிடம்.

அவர் மைக்கைக் கையில் எடுத்து, நிதானமாகக் கேட்டார். "பெரிய வெங்காயமா, சின்ன வெங்காயமா?"

"சின்ன வெங்காயம்."

ரோஸ் என்று சொல்லியிருந்தால் அந்த முகூர்த்தக் கூட்டத்தில் இருபது ரோஸ் கவுன் அகப்பட்டிருக்கும். சின்ன வெங்காயச் சருகு என்று மைக்கில் வந்ததும், சின்ன வெங்காயம் விளைகிற எங்கள் சீமையில் அது என்ன நிறம் என்று யோசிக்க வேண்டிய ஆள் ஒருவரும் இல்லை. ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கத்திலிருந்து ஒரு பூக்கார அம்மா கையைத் தூக்கினார். அவர் கூடைக்குப் பின்னால், ஒரு சாக்கின் மேல், வாழைப்பழம் தின்றுகொண்டு பாப்பா உட்கார்ந்திருந்தாள்.

"நீலம் நீலம்னு கத்துனாங்க சார். இது வெங்காயக் கலராவுல்ல இருக்கு, இதத் தேடி வேற யாரோ வருவாங்கன்னு ஒக்கார வச்சிருந்தேன்" என்றார் அந்த அம்மா. "பேரு கேட்டா பாப்பாங்குது. உன் கவுனு நீலமா பாப்பான்னு கேட்டேன். போட்டோல நீலம், நெசத்துல இதுங்குது. எனக்கு வெளங்கல."

எனக்கு விளங்கியது. அந்த பஸ் ஸ்டாண்டில் சரியாகப் பதில் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

முக்கால் மணி நேரம் கழித்து, முதலாளியின் பைக்கில் கலர்மாத்தி வந்து சேர்ந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். கழுத்தில் ஸ்டுடியோ கேமரா. ஏன் மாட்டிக்கொண்டு வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கையில் இருபது படம். நெசத்தைத் திறந்து எடுத்தவை. இருபதிலும் பாப்பா வெங்காயச் சருகு கவுனில், அழுத கண்ணோடு இருந்தாள். பெஞ்சில் என் மனைவியின் மடியில் பாப்பாவைப் பார்த்ததும் அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கண்டுபிடித்தபோது பாப்பா என்னைப் பார்த்துப் பழத்தைத்தான் நீட்டினாள். அவரைப் பார்த்ததும் மடியிலிருந்து குதித்து ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "கலர் மாமா, அப்பா என்னத் தொலைச்சிட்டாரு."

உயிர் போய்த் திரும்பி வந்த அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமை வந்தது. மனிதப் பிறவி.

செந்துறை பஸ் வருகிறவரை பேச்சுக்கு ஒன்றுமில்லாமல், அந்த பேனரைக் காட்டி, முழங்கை மடிப்பில் சிவப்பு விட்டிருப்பதைச் சொன்னேன். அதைக் காட்டத்தான் கையை விட்டேன் என்பதையும் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"அது தப்பு இல்ல சார், வேணும்னுதான் விட்டேன். மாத்துற படத்துல எல்லாம் ஒரு பொட்டு நெசத்த விட்டுடுவேன். நாளைக்கு யாருக்காச்சும் தேவைப்படும்ல."

"எல்லாத்துலயுமா?"

"உங்க பாப்பா படத்துலயும் இருக்கே. பாக்கலயா சார்?"

பர்ஸிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இடது கக்கத்துக்குக் கீழே, ஒரு அரிசி அளவுக்கு, வெங்காயச் சருகு. ஊரில் உள்ள பேனரில் எல்லாம் தப்புத் தேடியவன், என் மகள் படத்தை எட்டு மாதம் கையில் வைத்திருந்து அதைப் பார்க்கவில்லை.

அவர் எங்கள் மூவரையும் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். பிறகு பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு பைக்கைக் கிளப்பினார்.

அடுத்த வருஷம் அவர் திருச்சியில் ஒரு பெரிய லேபுக்குப் போய்விட்டார். போகிற அன்று வீட்டுக்கு வந்து ஒரு சிடி கொடுத்தார். அதில் நெசம், ஆசை என்று இரண்டு ஃபோல்டர். பாப்பாவின் படங்கள் எல்லாம் இரண்டிலும் இருந்தன. பஸ் ஸ்டாண்டில் எடுத்த படம் மட்டும் நெசத்தில்தான் இருந்தது.

"இதுக்கு ஆசை இல்லியா?" என்றேன்.

"அதுல மாத்த ஒண்ணும் இல்லிங்க சார்."

பாப்பாவுக்கு இப்போது ஆறு வயது. ரோட்டில் கையை இறுக்கிப் பிடித்தால், "வலிக்குதுப்பா" என்கிறாள். விரலைத் தளர்த்துகிறேன், விடுவதில்லை. ஏதாவது சுட்டிக்காட்ட வேண்டியிருந்தால் பையைக் கீழே வைத்துவிட்டு இடது கையால் காட்டுகிறேன்.

அந்த பஸ் ஸ்டாண்டு படத்தை அடிக்கடி கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்ப்பேன். பழக்கதோஷம், தப்பு ஏதாவது இருக்கிறதா என்று. பாப்பா என் மடியில்தான் இருக்கிறாள். ஆனால் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதற்குப் பின்னால் யார் நின்றது என்று எனக்குத் தெரியும். பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் எரியும். போன வாரம் இன்னும் பெரிதாக்கியபோதுதான் கவனித்தேன். நானும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.